கேபிளில் கட்டிய கயிறு

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. அந்தத் தூரத்தை ராயப்பன் இருபத்திரண்டு வருஷமாகப் பஸ்ஸில் அளந்துகொண்டிருந்தார். தோளில் கறுப்புப் பை. அதில் ஸ்க்ரூ டிரைவர்கள், தூசி தட்டும் பிரஷ், பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று, மூன்று நகல் விழும் கார்பன் தாள் வைத்த ரிப்போர்ட் புத்தகம், மத்தியானச் சோறு. நாற்பத்தேழு வயதுக்கு இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கிப் போயிருந்தது. மனைவி ரோஜா தையல்காரி. சட்டை அளவெடுக்கும்போதெல்லாம் அதை ஞாபகப்படுத்துவாள்.

வல்லம் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அப்பா கரும்பு வெட்டப் போனவர். கூலி வாங்கப் போன எந்த வீட்டிலும் வாசல்படி தாண்டாதவர். மகன் ராயப்பன் பன்னிரண்டாவது முடித்து ஒரு வருஷம் ஹார்ட்வேர் கற்றுக்கொண்டான். அதே ஆட்கள் அவனை நடுக்கூடம்வரை கூப்பிட்டுப் போய் நாற்காலி போட்டார்கள். கம்ப்யூட்டர் நின்றுபோனால் வீட்டுக்காரருக்குச் சாதி மறந்துவிடும். ஓட ஆரம்பித்ததும் ஞாபகம் வந்துவிடும். டீ வரும், வீட்டில் எல்லாரும் கண்ணாடி டம்ளரில் குடிக்க, ராயப்பனுக்கு மட்டும் பேப்பர் கப்பில். அவர் குடித்துவிட்டுக் கப்பைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே வருவார். அதைப் பற்றி யோசிப்பதை எப்போதோ விட்டுவிட்டார். யோசித்தால் அடுத்த பஸ் போய்விடும்.

வேலை விழுப்புரத்தில் தேவநாதனிடம். கடையை ஆரம்பித்தவர் தேவநாதனின் அப்பா. ஆண்டு ஒப்பந்தம் போட்டு அலுவலகங்களின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் கடை. பெரியவர் காலத்தில் பழுது எங்கே என்று தேடினார்கள். மகன் காலத்தில் எதை மாற்றலாம் என்று தேடினார்கள். ஓர் இடத்தில் அரைமணிக்கு மேல் நிற்கக் கூடாது. டிஸ்க் சந்தேகம் என்றால் டிஸ்க்கை மாற்று. அடுத்த இடத்துக்குப் போ. ரிப்போர்ட்டில் புகார், செய்த வேலை, காரணம் என்று மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றாவதில் எழுத வேண்டியதைத் தேவநாதனே சொல்லி வைத்திருந்தான்: 'ஆபரேட்டர் சரியாகக் கையாளாததால்.' அப்படி எழுதினால்தான் ஒப்பந்தத்தில் வராது, வாடிக்கையாளர் புது டிஸ்க்கை விலைக்கு வாங்க வேண்டும். ராயப்பன் அந்த வரியைப் பிள்ளையார் சுழி மாதிரி போட்டுக்கொண்டிருந்தார். அதை எழுத மூளை தேவைப்படவில்லை. கை போதும்.

இன்னொரு விதியும் உண்டு. பொட்டு, மாலை, எலுமிச்சம்பழம், கயிறு — வாடிக்கையாளர் மெஷினில் எதைப் பூஜை பண்ணி வைத்திருந்தாலும் கை வைக்கக் கூடாது. அது ராயப்பனால் வந்த விதி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் அரிசி மில்லில், கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் காற்றாடியில் சிக்கிக்கொண்டிருந்த சாமிக் கயிற்றை அறுத்துப்போட்டார். காற்றாடி சுற்றியது. மில்காரர் அதைப் பார்க்கவில்லை, கீழே கிடந்த கயிற்றைப் பார்த்தார். "எந்த ஊருய்யா நீ?" என்றார். சொன்னதும், "ஊர்லியா, காலனியா?" என்றார். அதற்கப்புறம் கயிறு இருந்தால் ராயப்பன் கயிற்றைச் சுற்றியே வேலை செய்யப் பழகிக்கொண்டார். கயிற்றுக்குப் பயமில்லை. அந்தக் கேள்விக்குத்தான்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் சீனுவாசனின் ரத்தப் பரிசோதனை நிலையம் இருந்தது. தை மாசம் அங்கிருந்து அழைப்பு. கம்ப்யூட்டர் நடுநடுவே உறைந்துபோகிறது, ரிப்போர்ட் திறக்கவில்லை, சில நேரம் டிஸ்க்கே இல்லை என்கிறது. வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுச் சர்க்கரைக்காரர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஆபரேட்டர் அஸ்வினி, மயிலம் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது. அவள் ஊர்ப் பெயரைச் சொன்ன விதத்திலேயே ராயப்பனுக்குப் புரிந்தது, தன்னைப் போலத்தான் என்று. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்வி வராதபடி பேச்சை மாற்றத் தெரிந்தவள்.

அவள் ஒரு நோட்டை நீட்டினாள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு நின்றது என்று நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். பெருக்குகிற அம்மா மேஜையை நகர்த்தும்போதும், கேபினட்டில் கால் பட்டுவிட்டாலும்தான் நிற்கிறது, சும்மா இருந்தால் நிற்கவில்லை என்றாள். "அண்ணா, டிஸ்க்கு கெட்டிருந்தா எப்பவுமே நிக்கணும்ல?"

நல்ல கேள்வி. பத்து வருஷத்துக்கு முந்தைய ராயப்பன் அதற்கு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு அவர் போக வேண்டிய இடங்கள் இன்னும் மூன்று. கேபினட்டைத் திறந்தார். டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகிற சிவப்பு நிறத் தட்டைக் கேபிளைச் சுற்றி, கறுப்பும் சிவப்புமாய் முறுக்கிய ஒரு கயிறு, மூன்று முடிச்சு. பார்த்தார். தொடாமல் டிஸ்க் பக்கத்து முனையை மட்டும் பிடுங்கினார். பையில் ஓடுகிற நிலையில் வைத்திருந்த டிஸ்க்கைத் தற்காலிகமாக வைத்து அந்த முனையையே திரும்பச் செருகினார். மெஷின் ஓடியது. மூன்றாவது கட்டத்தில் கை வழக்கம்போல எழுதியது.

அன்று சாயங்காலம் கடையில், கழற்றி எடுத்துவந்த டிஸ்க்கை வேறு கேபிளில் மாட்டி, மறுநாள் கடைப் பையன் கொண்டுபோய் மாட்ட வேண்டிய புது டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்தார். சாகக் கிடக்கிற டிஸ்க் அப்படிக் கொடுக்காது; திக்கும், முனகும், பாதியில் நிற்கும். இது ஒரே மூச்சில் முழுவதையும் கொடுத்தது. ஒரு பிழைகூட இல்லை. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று அப்போதே தெரிந்தது. எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் திண்டிவனத்தில் இருந்தது. கால் வலித்தது. வீட்டுக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று காதில் விழுந்தது. மெஷினைக் கெடுத்தவள் என்று கம்பெனிக்காரனே எழுதிக் கொடுத்திருக்கிறானாம். அவள் வந்ததிலிருந்தே அந்த இடத்துக்கு ராசி இல்லையாம். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று எண்ணால் சொல்கிற நிலையம், தன் மெஷினுக்கு வந்த நோயை ஒரு பெண்ணின் ராசியால் சொன்னது. சாப்பிடும்போது ராயப்பன் இதை ரோஜாவிடம் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான். "நீ எழுதினதாலயா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். ரோஜா மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது வந்திருக்கும்.

ஆடி மாசம் அதே நிலையத்திலிருந்து மறுபடியும் அழைப்பு. புது டிஸ்க்கும் அதே மாதிரி நிற்கிறது. திண்டிவனத்தில் இறங்கி வெயிலில் நடந்து போனார். இப்போது நாற்காலியில் இருந்தது பிரவீன்குமார், சீனுவாசனின் அக்கா மகன். அவனை யாரும் ராசியில்லாதவன் என்று சொல்லவில்லை. "வா ராயப்பா," என்றார் சீனுவாசன். "நீ புதுசுன்னு பழசக் குடுத்துட்டியோன்னு இவன் சொல்றான். நான் சொன்னேன், அந்தப் பொண்ணு கை பட்ட தோஷம் இன்னும் போவலன்னு."

ராயப்பன் பையைக் கீழே வைத்தார். போக வேண்டிய இடங்கள் இன்னும் இரண்டு இருந்தன. செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் வேலை நேரத்தில் அதைச் செய்தது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே குறித்து வைத்துக்கொள்ளும். அதைத் திறந்தார். கெட்டுப்போன பகுதிகள்: பூஜ்யம். டிஸ்க்கில் கீறல்கூட இல்லை. இன்னொரு வரியில், வழியில் சிதைந்துபோனதால் திரும்ப அனுப்ப வேண்டியிருந்த தடவைகள்: நாலாயிரத்துச் சொச்சம். வழி என்றால் கேபிள்தான். அடுத்து, விண்டோஸ் குறித்து வைக்கிற பிழைப் பட்டியலைத் தேதிவாரியாகப் பின்னால் தள்ளினார். தை மாசத்தில் பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்ததால் அந்தப் பட்டியலும் இதில் இருந்தது. வைகாசி, சித்திரை, தை, மார்கழி. பின்னால் போகப்போகப் பிழைகள் குறைந்தன. போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு முதல் பிழை. அதற்கு முன்னால் ஒன்றுகூட இல்லை. அஸ்வினி வேலைக்குச் சேர்ந்தது எப்போது என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். போன வருஷம் ஆனி என்றான் பிரவீன்குமார். நான்கு மாசம் அவள் கையில் மெஷின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கிறது.

கேபினட்டைத் திறந்தார். கயிறு அங்கேயே இருந்தது. மூன்று முடிச்சையும் இறுக்கிக் கட்டியதில் கேபிள் கழுத்தருகே நாய்க்கால் மாதிரி மடங்கிக் கிடந்தது. உள்ளே இழை விட்டுவிட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அசைந்தால் விலகும், அசையாவிட்டால் சேரும். தையில் முனையைப் பிடுங்கிச் செருகியபோது தற்செயலாகச் சேர்ந்துகொண்டது. அதைத்தான் எல்லாரும் சரியானதாக நினைத்துக்கொண்டார்கள். அஸ்வினி நோட்டில் நாலு பக்கம் எழுதி வைத்ததும் இதைத்தான்.

"இது யாரு சார் கட்டினது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு. அதுக்கு முன்னாடி பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன், அங்க வாங்கினது. வெளிய கட்டினா கண்ணுல படும்னு உள்ள கட்டினேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். ராயப்பன் கட்டிங் பிளையரை எடுத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "டேய், அத அவுக்காத."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரிசி மில் கேள்வி இனி வர வேண்டியதுதான் பாக்கி. ராயப்பனுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே. அவருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது.

"ரத்தம் நல்ல ரத்தம் சார்," என்றார். "டியூப்புதான் உடைசல். வர்ற வழியிலயே கெட்டுப்போவுது. நாம ரெண்டு பேரும் சேந்து டியூப்ப விட்டுட்டு பேஷண்ட்ட மாத்தினோம். அப்புறம் ரத்தம் எடுத்த பொண்ண வீட்டுக்கு அனுப்பினோம்."

சீனுவாசனுக்கு அந்தப் பாஷை புரிந்தது. தொழில் அப்படி. அவர் மேற்கொண்டு பேசுவதற்குள் பிளையர் கயிற்றைக் கடித்தது. அறுந்த கயிற்றை ராயப்பன் கீழே போடவில்லை. மரியாதையாக மேஜைமேல் வைத்தார். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு.

பையிலிருந்து வேறு கேபிளை மாட்டினார். டிஸ்க்கை மாற்றவில்லை, வேறு எதையும் தொடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. பெரியவர் காலத்துப் பாடம். ஒரு மணி நேரம் ஓடவிட்டார். மேஜையை ஆட்டினார். கேபினட்டைத் தட்டினார். நாலாயிரத்துச் சொச்சம் அங்கேயே நின்றது. பிறகு பழைய கேபிளை மாட்டி, மடங்கிய இடத்தில் விரலால் லேசாக அழுத்தினார். பிரவீன்குமார் கண்ணெதிரே எண் பதினேழு கூடியது. மெஷின் உறைந்தது. "அட," என்றான் அவன். மறுபடி புதுக் கேபிள். எண் நின்றது. எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த சீனுவாசன் கயிற்றை எடுத்து மானிட்டர் காலில் கட்டினார். அங்கே அது யாரையும் ஒன்றும் செய்யாது.

அந்த நேரத்தில் சீனுவாசனின் போனுக்கே தேவநாதன் கூப்பிட்டான். மற்ற இரண்டு இடத்தில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், போனை ஏன் அணைத்தாய் என்று ஆரம்பித்தான். விவரம் கேட்டதும் குரல் இறங்கியது. ஜல்தியா முடி, வேகமான டிஸ்க் ஒன்று விற்றுவிட்டு வா, ரிப்போர்ட் எப்போதும் போல எழுது என்றான். பழைய ரிப்போர்ட் தப்பு என்று எழுதப் போவதாக ராயப்பன் சொன்னார். தேவநாதன் திருப்பிக் கேட்டான்.

"அப்போ இதுவரைக்கும் எழுதினதெல்லாம் பொய்யா? எழுதினது நீதானய்யா."

"ஆமா, நான்தான்."

"இத எழுதிட்டு இங்க வராத."

ராயப்பன் போனைச் சீனுவாசனிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் இப்போது தணிந்த குரலில் பேசினார். கேபிள் மாற்றியதாக மட்டும் எழுது, கயிறெல்லாம் எதற்கு, நாலு பேர் சிரிப்பார்கள் என்றார். ஆறு மாசம் போயாச்சு, அந்தப் பொண்ணே மறந்திருக்கும், எதுக்குப் பேஜாரு என்றார். ராயப்பன் அஸ்வினியை மறுபடி வேலைக்குக் கூப்பிடுவீர்களா என்று கேட்டார். நாற்காலியில் ஆள் இருக்கிறானே என்றார் சீனுவாசன். ஓர் அனுபவச் சான்றாவது கொடுப்பீர்களா என்றார். அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றார் அவர். அந்த 'அப்புறம்' எவ்வளவு நீளம் என்று ராயப்பனுக்குத் தெரியும். அவர் அப்பா அதில்தான் பாதி ஆயுளைக் கழித்தார்.

புத்தகத்தைத் திறந்து எழுதினார். மூன்றாவது கட்டம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினார். தகவல் கேபிளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதில் உள் இழை பழுது. முதல் பிழை ஆயுத பூஜைக்கு மறுநாள். டிஸ்க்கில் குறையில்லை. தை மாசம் நான் கொடுத்த ரிப்போர்ட்டில் ஆபரேட்டர்மேல் எழுதிய காரணம் தவறு. கேபிளைச் சோதிக்காமல் எழுதினேன். கையெழுத்து, தேதி. ஒரு நகலைக் கிழித்து மேஜையில் வைத்தார். சீனுவாசன் அதைத் தொடவில்லை. அன்றைக்கு டீயும் வரவில்லை.

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தூக்கம் வரவில்லை. பிரவீன்குமார் கிளம்பும்போது மெல்லச் சொல்லியிருந்தான், அந்த அக்கா விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் இருப்பதாக.

அவர் போனபோது அஸ்வினி ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் தூக்கி ஆதார் அட்டை ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாள். ராயப்பனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முகம் மாறவில்லை. "என்னாண்ணா, ஜெராக்ஸா?" என்றாள்.

அவர் ரிப்போர்ட்டின் இன்னொரு நகலைக் கிழித்து நீட்டினார். அவள் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு நின்றபடியே படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"நோட்டுல எழுதி வச்சிருந்தேனே," என்றாள்.

"ஆமாம்மா. காட்டின. நான் பாக்கல."

"அன்னிக்கே பாத்திருந்தா பத்து நிமிஷ வேலைல்ல?"

"பத்துகூட ஆவாது."

அவள் தலையாட்டினாள். அவள் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கடைக்குள் மெஷின் சூடு அடித்தது. அவள் சொன்னதிலிருந்து அவருக்கு விவரம் கிடைத்தது. இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் ஆபரேட்டர் வேலைக்கு இரண்டு தடவை போனாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரித்தார்கள். மெஷினைக் கெடுத்த பொண்ணு என்று திண்டிவனத்திலிருந்து பதில் போனது. அதே இடம் இப்போது மறுபடி காலி. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

"இத எடுத்துக்கினு போம்மா."

அவள் தாளைக் கவுண்டர்மேல் வைத்து விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். "இதுல ஆபரேட்டர்னு போட்டிருக்கீங்க. இப்போ அங்க இருக்கிறது வேற ஆளு. யாரு மேல எழுதினது தப்புன்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? பேரு போடாமலே என்ன அனுப்பிட்டாங்க. திரும்பச் சொல்றப்போவாவது பேரு போட்டுச் சொல்லுங்கண்ணா."

ராயப்பன் பேனாவை எடுத்தார். இனிஷியல் கேட்டார். அவள் சொன்னாள். ஆபரேட்டர் என்ற சொல்லுக்கு மேலே முழுப் பெயரையும் எழுதி, பக்கத்தில் சிறிய கையெழுத்துப் போட்டார். அவள் இன்னும் நகரவில்லை.

"அவங்க போன் போட்டுக் கேப்பாங்க. பேப்பர நம்ப மாட்டாங்க. யாருக்குப் போடச் சொல்லட்டும்? சீனுவாசன் சாருக்கா, உங்க மொதலாளிக்கா?"

கடையின் எண் தாளின் தலைப்பில் அச்சாகியிருந்தது. ராயப்பன் அதன்மேல் ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே தன் செல் நம்பரை எழுதினார். காலையிலிருந்து அணைத்து வைத்த போனை அப்போதுதான் உயிர்ப்பித்தார். தேவநாதனின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன.

"எனக்குப் போடச் சொல்லு. எடுப்பேன். இனிமே எனக்கு எந்நேரமும் நேரந்தான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று புரிந்துகொண்டாள். மூடியைத் தூக்கித் தாளை வைத்து மூன்று நகல் எடுத்தாள். இரண்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்றாவதை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களும் ஒண்ணு வச்சிக்கோங்கண்ணா. வேற எடம் வேலைக்குப் போனா உங்களையும் கேப்பாங்க."

தாள் சூடாக இருந்தது. ராயப்பன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரிப்போர்ட் புத்தகத்தைத் தேவநாதனின் கடையில் ஒப்படைத்துவிட்டு வரலாம் என்று நடந்தார்.